வேலியில் செருகிய கல்: கொரிய எல்லையில் ஒரு சிப்பாயின் நாள்

[காட்சி: உயரமான கம்பிவேலி. கண்ணிகளுக்கு நடுவே சிறு கற்கள்.]

இந்த வேலியில் கல்லைச் செருகி வைத்தவர்கள் ராணுவத்தினர். யாராவது வேலியை அசைத்தால் கல் விழும். ரோந்து வரும் சிப்பாயின் கண்ணுக்குக் காலியான கண்ணி தெரிந்துவிடும். உணர்கருவியும் கேமராவும் வந்த பிறகும் இந்தக் கூழாங்கல்லுக்கு வேலை போகவில்லை.

இடம், தென்கொரியாவின் வடக்கு எல்லை. 1953 ஜூலை 27 அன்று கொரியப் போருக்குப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு இரு கொரியாக்களுக்கும் நடுவில் கிடப்பது ‘ராணுவமற்ற பகுதி’. பெயர்தான் அப்படி, அதன் இரு ஓரங்களிலும் ராணுவம்தான். தென் ஓரத்தில் நிற்பவர்களில் பலர் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த இருபது வயதுப் பையன்கள். தரைப்படையில் கட்டாய சேவை 18 மாதம்.

[காட்சி: மலைச்சரிவில் செங்குத்தான படிக்கட்டு.]

கிழக்குப் பக்கம் முழுக்க மலை. இன்ஜே மாவட்டத்தில் வொந்தோங் என்று ஓர் ஊர். ‘இன்ஜே’ என்றால் கொரிய மொழியில் ‘இப்போது’ என்றும் பொருள். ‘வொந்தோங்’ என்றால் மனக்குமுறல். அங்கே போகச் சொல்லி உத்தரவு வந்தவர்கள் புலம்புவது இது: “இப்போது போனால் எப்போது வருவோம், குமுறலில் உயிர் வாழ முடியவில்லையே!” இரண்டு ஊர்ப் பெயர்களும் உள்ளே ஒளிந்திருக்கும் இந்தச் சிலேடையைக் காளமேகம் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

எதிரியை நேரில் பார்க்காமலே சேவையை முடிப்பவர்கள்தான் அதிகம். அன்றாட எதிரி பனி. சொர்வொன் பகுதியில் குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தொடும். விடிவதற்குள் ரோந்துப் பாதையைத் துடைத்தாக வேண்டும். துடைத்த இடத்தில் மறுபடி கொட்டும். சிப்பாய்கள் பனிக்கு வைத்த பெயர், ‘வானத்திலிருந்து விழும் குப்பை’.

[காட்சி: இருட்டு. காவல்கூண்டில் இருவர்.]

இரவில் இருவர் இருவராகக் காவல். நெருங்கி வருபவரிடம் அன்றைய அடையாளச் சொல்லைக் கேட்க வேண்டும். திடீரென்று புதரிலிருந்து மனிதன் கதறுவதுபோல் ஓர் ஓலம் எழும். அது நீர்மான். புதியவனுக்கு முதுகு சில்லிட்டுப்போகும். பழையவன் கொட்டாவி விடுவான்.

அந்தப் பழையவனே பயமாகவும் மாறலாம். 2014 ஜூனில் கொசொங் பகுதிக் காவல் முகாமில், கட்டாய சேவை முடியச் சில மாதங்களே இருந்த ஒரு சார்ஜென்ட் சகவீரர்களைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சக வீரர்கள் தன்னை ஒதுக்கியதாக அவர் சொன்னார். ஒரே அறை, அதே முகங்கள், கையில் துப்பாக்கி: இந்தக் கலவையை வடகொரியாவுக்கு நிகரான ஆபத்தாகவே நான் பார்க்கிறேன்.

மாறியதும் உண்டு. 2017இல் கட்டாய சேவையில் இருக்கும் சார்ஜென்டின் மாதச் சம்பளம் 2,16,000 வொன் (தென்கொரிய நாணயம்). 2025இல் 15 லட்சம் வொன். 2020இலிருந்து கைபேசிக்கு முறையான அனுமதி. சாதாரண முகாம்களில் வேலை நாட்களில் மாலை 6 முதல் இரவு 9 வரை.

[காட்சி: கைபேசி ஒளியில் ஒரு முகம்.]

காத்திருக்கும் காதலியை அங்கே ‘ரப்பர் காலணி’ என்பார்கள். அவள் வேறொருவனோடு போய்விட்டால், ‘காலணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்’. முன்பு அந்தச் செய்தி கடிதத்தில் வந்தது. இப்போது எட்டேமுக்காலுக்குத் திரையில் வருகிறது. ஒன்பதுக்குக் கைபேசியை ஒப்படைத்துவிட்டு, அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்ள வேண்டும்.