அடக்கி வைக்கும் பிள்ளைகள்: சிறுவர் மலச்சிக்கல் பற்றிய ஆய்வுகளும் வன்னியும்

வன்னிப் பெருநிலமெங்கும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் வரும் சமிபாட்டு நோய்கள் குறித்து நடந்துள்ள ஆய்வுகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். வயிற்றோட்டத்தைப் பற்றி நம் வைத்தியர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நீரிழப்பைத் தடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுக்கத் தெரியாத தாயை இன்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ காண்பது அரிது. ஆனால், பிள்ளைகளை மாதக்கணக்கில் வருத்தியும் வீட்டிலே யாரும் வாய்விட்டுப் பேசாத இன்னொரு நோய் இருக்கிறது. அது மலச்சிக்கல். இன்றைய நேரம் முழுவதையும் அதற்கே தர விரும்புகிறேன்.

ஆய்வு நடந்தபோது களனிப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷமான் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகிய இரு ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் இலங்கைப் பாடசாலைகளில் 10 முதல் 16 வயது வரையான 2699 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 'ரோம் 3' என்று அழைக்கப்படும் சர்வதேச அளவுகோலை அவர்கள் பயன்படுத்தினார்கள். வாரத்துக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறாய், போகும்போது நோகிறதா, மலம் இறுகி இருக்கிறதா, வந்ததை அடக்கி வைக்கிறாயா, உள்ளாடையில் தெரியாமல் படுகிறதா என்பன போன்ற கேள்விகள்தாம் அந்த அளவுகோலின் சாரம். அவர்கள் கண்ட விடை, 15.4 வீதமான பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் இருக்கிறது என்பதாகும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையொன்றை எடுத்தால் ஆறு பேர்.

அந்த ஆய்வில் வன்னியில் வாழும் நாம் நின்று கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. போரால் பாதிக்கப்பட்ட பிரதேசத்தில் வாழ்ந்த பிள்ளைகளிடம் மலச்சிக்கல் 18.1 வீதமாகவும், ஏனைய பிரதேசங்களின் பிள்ளைகளிடம் 13.7 வீதமாகவும் இருந்தது. நெருங்கிய நண்பனைப் பிரிந்தமை, குடும்பத்தில் ஒருவர் கடும் நோயுற்றமை, தாயோ தந்தையோ தொழிலை இழந்தமை, பெற்றோர் அடிக்கடி தண்டித்தமை ஆகியவையும் இந்த நோயோடு தொடர்புபட்டிருந்தன. தொடர்பு இருக்கிறது என்பதனாலேயே போர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நகரப் பாடசாலைகளிலும் இந்நோய் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. எனினும், இடப்பெயர்வையும் செட்டிகுளத்து முகாம்களில் மலசலகூடத்தின் முன் நீண்ட வரிசையில் நின்ற நாட்களையும் கண்ட ஒரு சமூகம் இந்த எண்களைச் சும்மா கடந்து போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நோய் எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால், இதை விளங்கிக்கொண்ட பெற்றோர் பிள்ளையை நடத்தும் விதமே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாள் இறுகிய மலம் போனபோது பிள்ளைக்கு நொந்திருக்கும். அந்த நோவை நினைத்து அடுத்த முறை வரும்போது பிள்ளை அடக்குகிறது. பெருங்குடலின் வேலைகளுள் ஒன்று மலத்திலிருந்து நீரை உறிஞ்சுவது. ஆகவே உள்ளே தங்கத் தங்க மலம் மேலும் இறுகிப் பருக்கிறது, அடுத்த முறை இன்னும் கூடுதலாக நோகிறது, பிள்ளை இன்னும் பிடிவாதமாக அடக்குகிறது. மூன்று வயதுப் பையன் ஒருவன் கதவு மூலையிலோ கட்டில் ஓரத்திலோ போய் நின்று, கால்களைக் குறுக்கிட்டு, குதிகாலை உயர்த்தி, முகம் சிவக்கத் தம் பிடிப்பதைப் பல அம்மாமார் பார்த்திருப்பீர்கள். பாவம், முக்குகிறான், வரவில்லை என்று எண்ணுவீர்கள். உண்மையில் அவன் வர விடாமல் இறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

இப்படியே மாதங்கள் போனால், மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வையே பிள்ளைக்குத் தராமல் விட்டுவிடுகிறது. நீர் திறந்துவிடும் துருசு அடைபட்ட குளத்தில் ஓரத்தால் நீர் கசிவது போல, இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து உள்ளாடையில் படுகிறது. இதை வயிற்றோட்டம் என்று எண்ணி அதற்கு மருந்து கொடுப்பவர்கள் உண்டு. எட்டு வயதாகியும் களுசானில் போகிறானே என்று அடிப்பவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அது வெளியேறுவது தெரியாது என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அடிவாங்கும் பிள்ளை உள்ளாடையை ஒளிக்கப் பழகுகிறது, மலசலகூடத்துக்குப் போகவே அஞ்சுகிறது, நோய் இன்னும் முற்றுகிறது.

மலச்சிக்கல் பெரும்பாலும் மூன்று பருவங்களில் தொடங்குகிறது: ஆறு மாதம் முடிந்து திண்ம உணவு கொடுக்கத் தொடங்கும் காலம், மலசலகூடம் பழக்கும் காலம், பாடசாலைக்குச் சேரும் காலம். அதற்கு முந்திய கைக்குழந்தைப் பருவத்தில் நாம் மலச்சிக்கல் என்று பயப்படுவதில் பெரும்பகுதி நோயே அல்ல. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து சில வாரங்கள் கழிந்தபின், பல நாட்களுக்கு ஒரு தடவை மட்டும் போவதுண்டு. மலம் இளகியதாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து நிறை கூடினால் கவலைப்படத் தேவையில்லை. இன்னும் சில குழந்தைகள் பத்து நிமிடம், இருபது நிமிடம் முகம் சிவந்து அழுது முக்கிய பின் மென்மையான மலமே போகும். வயிற்றை அழுத்துவதையும் அதே வேளை கீழ்த்தசையைத் தளர்த்துவதையும் ஒன்றிணைக்க அவை இன்னும் பழகவில்லை என்பதே காரணம். நாளாக ஆகத் தானாகவே சரியாகிவிடும். அம்மம்மாமார் எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பை வைத்துவிடும் வழக்கம் அன்பினால் வந்தது. ஆனால் குழந்தை அந்தத் தூண்டலுக்காகவே காத்திருக்கப் பழகிவிடக் கூடும் என்பதால் இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் அதை வேண்டாம் என்கின்றன.

பாடசாலைக்கு வருவோம். நாம் உண்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பான அனிச்சைச் செயல். காலை உணவுக்குப் பின் அது நன்றாக வேலை செய்யும். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானின் உட்கிராமங்களிலிருந்தோ பஸ் பிடித்து 7.30 மணிக்கு முன் பாடசாலைக்கு வர வேண்டிய பிள்ளைக்கு, அந்த நேரம் தெருவிலே கழிந்துவிடுகிறது. பாடசாலையில் மலசலகூடக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தால், தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்தால்தான் போகலாம் என்றிருந்தால், வரட்சிக் காலத்தில் கிணறு வற்றி வாளியில் தண்ணீர் இல்லாதிருந்தால், அந்தப் பெண்பிள்ளை 1.30 மணி வரை அடக்கத்தான் செய்வாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று குடிக்காமலும் இருப்பாள். இவ்விடயத்தில் அதிபர்மாரும் பெற்றோர் சங்கங்களும் செய்யும் சிறு வேலை, ஒரு தாழ்ப்பாளும் ஒரு தண்ணீர்த் தாங்கியும் கூட, மருந்துக்கு நிகரான பயனைத் தரும் என்று நம்புகிறேன்.

வயிற்றுக்குத்து என்று வரும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 1958இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் ஜோன் அப்லி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வந்து போகும் வயிற்றுநோவு இருப்பதையும், அவர்களிற் பெரும்பாலானோரிடம் உறுப்பு நோய் எதுவும் இல்லாததையும் கண்டார்கள். இலங்கையிலும் ஏறத்தாழ அதே அளவே காணப்பட்டிருக்கிறது. உறுப்பு நோய் இல்லை என்பதற்குப் பிள்ளை நடிக்கிறது என்று பொருளில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புத் தொடர்பு கூர்மையடைந்த பிள்ளைக்கு, மற்றவர்கள் உணராத அசைவும் வாயுவும் உண்மையான நோவாகவே தெரிகின்றன. நம் வீடுகளில் வயிற்றுநோவென்றால் பூச்சி என்று முடிவுகட்டிப் பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். அடக்கி வைத்த மலமே நோவுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

சிகிச்சையைப் பற்றி ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறுவர் குடல்நோய்ச் சங்கங்கள் 2014இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகப் பேசுகிறது. முதலில் தேங்கிய மலத்தை மருந்தால் வெளியேற்ற வேண்டும். பின்னர் மலத்தை இளக்கும் மருந்தைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்குத் தொடர வேண்டும். குணங்குறிகள் நீங்கி ஒரு மாதமாவது சென்ற பின்பே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பொலிஎதிலீன் கிளைக்கோல் முதல் தெரிவு. அது கிடைக்காதவிடத்து லாக்டுலோஸ் பாகு. ஒரு வாரம் கொடுத்து, போகத் தொடங்கியதும் நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. விரிந்த மலக்குடல் ஒரு வாரத்தில் சுருங்காது. இந்த மருந்துகளுக்குப் பிள்ளை அடிமையாகிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். வேறு பிள்ளைக்கு எழுதிய அளவை மட்டும் கொடுக்காதீர்கள். பப்பாப்பழம், முருங்கையிலை, குரக்கன், பயறு எல்லாம் நல்ல உணவுகளே. வழமையான அளவு நார்ச்சத்தும் நீரும் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் நோய் முற்றிய பிள்ளைக்கு அவற்றை மேலதிகமாகத் திணிப்பதால் குணமாகும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை.

சாப்பிட்ட பின் ஐந்து முதல் பத்து நிமிடம் பிள்ளையை அவசரப்படுத்தாமல் மலசலகூடத்தில் இருக்க விடுங்கள். கொமோட்டாக இருந்தால் கால் ஊன்ற ஒரு சிறு பலகை வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும் இருந்ததற்காகப் பாராட்டுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாத சிசு, பச்சை நிறமாக வாந்தியெடுக்கும் குழந்தை, வயிறு ஊதிக்கொண்டு வரும் குழந்தை ஆகியோரைத் தாமதிக்காமல் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நிறம் நீங்காமல் மலம் வெளிறிப் போகும் குழந்தைக்குப் பித்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால் பயன் கூடுதல். நிறை குறையும் பிள்ளை, இரவில் நோவால் விழிக்கும் பிள்ளை, மலத்தில் இரத்தம் போகும் பிள்ளை ஆகியோரையும் காத்திருக்க வைக்கக் கூடாது.

நான் குறிப்பிட்ட ஆய்வில் பங்குகொண்ட பிள்ளைகள் போர்க்காலத்தில் பிறந்தவர்கள். இன்று அதே வயதில் நம் பாடசாலைகளில் இருப்பவர்களோ 2009க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுடைய பெற்றோர்தாம் அந்தக் காலத்தைப் பிள்ளைகளாகக் கடந்தவர்கள். அதே கேள்விகளை இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்களிடம் கேட்டால், அந்த 18.1 வீதம் குறைந்திருக்கிறதா, அல்லது மலசலகூடமும் தண்ணீரும் வீட்டுத் தண்டனையும் அதை அங்கேயே வைத்திருக்கின்றனவா என்று அறியலாம். அதற்குப் பெரும் பணமோ ஆய்வுகூடமோ தேவையில்லை. தமிழில் கவனமாக எழுதிய ஒரு வினாக்கொத்தும், வலயக் கல்விப் பணிமனைகளின் அனுமதியும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஈடுபாடும் போதும். அப்படியொரு வினாக்கொத்து உங்கள் பிள்ளையின் பாடசாலைக்கு வரும் நாளில், வெட்கப்பட்டு வெறுமையாகத் திருப்பி அனுப்பாமல், பிள்ளையோடு இருந்து உண்மையை நிரப்பிக் கொடுக்கும்படி பெற்றோரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.