ஹெபடைடிஸ் சி: தெரியவந்த வயதும் கல்லீரல் சேதமும்

(திரையில்: ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. வயது என்ற கட்டத்தில் 56.)

வணக்கம். ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்ற அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எனக்கு எப்போது வந்தது?" என்பதுதான். பெரும்பாலும் மருத்துவரால் அதற்கு உறுதியான பதில் சொல்ல முடியாது. அறிக்கையில் அச்சாகியிருப்பது ஒரே ஒரு வயது. அது நோய் தெரியவந்த வயது. அந்த எண் கல்லீரலைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்போம்.

ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸால் வருகிறது. இந்த வைரஸ் ரத்தத்தின் வழியே பரவுவது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, கிருமி நீக்கம் செய்யாத கருவிகள், பரிசோதிக்காத ரத்தம் ஆகியவை முக்கிய வழிகள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகலாம். 1989ஆம் ஆண்டுவரை இதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று மட்டுமே மருத்துவர்களால் சொல்ல முடிந்தது. வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகுதான், 1990களின் தொடக்கத்தில், தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் பரவியது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, அதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவர், தன் உடலுக்குள் என்ன வந்தது என்றே தெரியாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்க முடியும்.

(திரையில்: கல்லீரலின் குறுக்குவெட்டுப் படம். மெல்ல உள்ளே நெருங்குகிறோம்.)

தொற்று ஏற்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 30 பேரின் உடல், ஆறு மாதங்களுக்குள் வைரஸைத் தானாகவே விரட்டிவிடுகிறது. மீதி 70 பேரிடம் அது தங்கிவிடுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பலருக்கு மஞ்சள் காமாலையும் வருவதில்லை. கல்லீரலின் உட்பகுதிக்கு வலியை உணரும் திறன் இல்லாததால் அது முறையிடுவதே இல்லை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கல்லீரல் செல்களை ஒட்டி, நட்சத்திர வடிவில் சிறு செல்கள் இருக்கின்றன. வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைப்பது அவற்றின் வழக்கமான வேலை. வைரஸை எதிர்த்து உடல் நடத்தும் போரில் அழற்சி மூண்டதும், இவை சேமித்ததைக் கைவிட்டுவிட்டுக் கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. புண் ஆறுவதற்கான ஏற்பாடுதான் இது. ஆனால் வைரஸ் போகாததால் புண்ணும் ஆறுவதில்லை, நார் உற்பத்தியும் நிற்பதில்லை. தழும்பு சேர்ந்துகொண்டே போகிறது. தழும்பே இல்லாத நிலைக்கு எஃப் 0 என்றும், கல்லீரல் சுருக்கம் என்கிற சிரோசிஸ் நிலைக்கு எஃப் 4 என்றும் மருத்துவர்கள் குறிக்கிறார்கள். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேர் 20 ஆண்டுகளுக்குள் அந்த எஃப் 4 நிலையை அடையக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

(திரையில்: இரண்டு கோடுகள். ஒன்று 20 வயதில் தொடங்குகிறது, மற்றொன்று 50 வயதில். இரண்டும் 56இல் முடிகின்றன.)

இப்போது அந்த 56 வயதுக்கு வருவோம். இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்குமே 56 வயதில்தான் நோய் தெரியவருகிறது. ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது 20 வயதில், மற்றவருக்கு 50 வயதில். அறிக்கையைப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். முதலாமவரின் கல்லீரலிலோ வைரஸ் 36 ஆண்டுகள் குடியிருந்திருக்கிறது. இரண்டாமவரிடம் ஆறு ஆண்டுகள் மட்டுமே.

அப்படியானால் இரண்டாமவர் நிம்மதியாக இருக்கலாமா? இருக்க முடியாது. வைரஸ் எத்தனை ஆண்டு இருந்தது என்பதைப் போலவே, எந்த வயதில் நுழைந்தது என்பதும் முக்கியம். பிரான்சில் 2,000க்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 40 வயதுக்கு முன் தொற்று ஏற்பட்ட, மது அருந்தாத பெண்களுக்குச் சிரோசிஸ் வர ஏறத்தாழ 42 ஆண்டுகள் ஆகும் என்று அதில் கணக்கிட்டார்கள். 40 வயதுக்குப் பின் தொற்று ஏற்பட்ட ஆண்களுக்கு அது 13 ஆண்டுகளாகச் சுருங்கியது. வைரஸ் அதேதான், கால அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இளம் வயதுக் கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அயர்லாந்தில் ஒரு சான்று இருக்கிறது. 1977ஐ ஒட்டி, தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான ரத்தப் பிரிவு பொருந்தாமையைச் சமாளிக்கத் தாய்மார்களுக்குப் போடப்பட்ட ஆன்டி-டி ஊசி மருந்தில் இந்த வைரஸ் கலந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 17 ஆண்டுகள் கழித்துத் திசுவை எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் தழும்பு இருந்தது. சிரோசிஸ் இருந்தது 2 சதவீதம் பேருக்குத்தான். தங்கள் தவறு எதுவும் இல்லாமல் நோயைச் சுமந்த பெண்கள் அவர்கள். அந்த அநீதியைச் சொல்லாமல் இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வயது ஏன் இப்படி வேலை செய்கிறது? வயது கூடக்கூடக் கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, செல்கள் புதிதாகப் பிறக்கும் வேகம் தளர்கிறது, நோய் எதிர்ப்பு ஆற்றலும் மாறுகிறது. இதற்கு வலுவான ஆதாரம் மாற்று அறுவை சிகிச்சையிலிருந்து கிடைத்தது. வைரஸை விரட்டும் புதிய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலத்தில், இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு வயதானவர்களின் கல்லீரலைப் பொருத்தியபோது, இளையவர்களின் கல்லீரலைவிட அதில் தழும்பு வேகமாகச் சேர்ந்தது. அதாவது, அந்த உறுப்பின் வயதே ஒரு காரணம். மது, நீரிழிவு, உடல் பருமன், உடன் இருக்கும் ஹெபடைடிஸ் பி அல்லது எச்.ஐ.வி. ஆகியவை சேர்ந்தால் இளம் வயதும் காப்பாற்றாது.

(திரையில்: ஒரு கணக்கு, வரி வரியாக.)

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தழும்பைத் தோராயமாக மதிப்பிட எஃப்.ஐ.பி-4 என்ற சூத்திரம் இருக்கிறது. வயதை ஏ.எஸ்.டி. என்ற நொதியின் அளவால் பெருக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் அது எஸ்.ஜி.ஓ.டி. என்றும் இருக்கலாம். பிறகு, ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட் எண்ணிக்கையை ஏ.எல்.டி., அதாவது எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் போதும்.

ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 1,80,000, அதாவது 180 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 64இன் வர்க்கமூலம் 8. ஆளுக்கு 30 வயது என்றால் விடை 1.25. அது 1.45க்குக் கீழே இருப்பதால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. இதே எண்களோடு 60 வயது என்றால் விடை 2.5. இது இரண்டும் கெட்டான் இடம். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 3.25ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். ரத்தத்தில் ஓர் எண்கூட மாறவில்லை, வயது மட்டுமே மாறியது என்பதைக் கவனியுங்கள். 35க்குக் கீழும் 65க்கு மேலும் இந்தச் சூத்திரம் சற்றுத் தடுமாறும் என்பதால் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுக் கலங்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொற்று ஏற்பட்ட வயதை நம்மால் மாற்ற முடியாது. தெரியவரும் வயதை மாற்ற முடியும். அமெரிக்காவில் முதலில் 1945க்கும் 1965க்கும் இடையே பிறந்தவர்களை ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020இல் வயதுவந்த எல்லாரும் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதை விரித்தார்கள். ஊசியோ ரத்தமோ பற்றிய கேள்விகளைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதைவிட இது நல்லது என்பது என் கருத்து. பழைய நினைவைக் கிளறும் கேள்விக்கு வெட்கப்பட்டு மௌனமாகிவிடுபவர்கள் ஏராளம்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். அது இருந்தால், வைரஸ் எப்போதோ வந்தது என்று மட்டுமே பொருள். தானாகக் குணமானவருக்கும் அது ஆயுள் முழுக்க நீடிக்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். முதல் அறிக்கையோடு நின்றுவிடாமல் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

இருந்தால் என்ன செய்வது? பொதுவாக 8 அல்லது 12 வாரம் மாத்திரை. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது. இந்த மாத்திரைகளுக்கு முன்பு சிகிச்சையாக இருந்த இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் முதியவர்களால் அந்தப் பக்கவிளைவுகளைத் தாங்க முடியவில்லை, பலருக்குச் சிகிச்சையே தரப்படவில்லை. இந்த மாத்திரைகள் முதியவர்களிடமும் நன்றாகவே வேலை செய்கின்றன. "இந்த வயதில் இனி எதற்கு?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "சின்ன வயதுதானே, தழும்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதும் அதே அளவு தவறு. மூன்று வயதுக் குழந்தை முதல் எல்லாருக்கும் சிகிச்சை தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை.

(திரையில்: இரண்டு நாட்காட்டிகள்.)

வைரஸ் போனபின்தான் வித்தியாசம் தெரியும். தழும்பு சேருமுன் கண்டறியப்பட்டவர், மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு ரத்தச் சோதனை செய்து வைரஸ் இல்லை என்று உறுதியானால், வேறு கல்லீரல் கோளாறு இல்லாதவரை, இதற்காக மருத்துவமனைக்கு வரத் தேவையில்லை. சிரோசிஸ் வந்தபின் கண்டறியப்பட்டவருக்கும் தழும்பு ஓரளவு கரையலாம், கல்லீரல் புற்றுநோய் அபாயமும் குறையும். ஆனால் அந்த அபாயம் முழுமையாக நீங்குவதில்லை. அதனால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.