ஆற்றுக்கு வளைந்து கொடுக்கும் போட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

சாக்கடையாகக் கிடந்த ஆறு ஒன்று மறுபடி தெளிந்து ஓடத் தொடங்கினால், ஊரில் அடுத்து எழும் பேச்சு, "இதில் ஒரு படகுப் போட்டி நடத்தினால் என்ன?" என்பதுதான். தாராளமாக நடத்தலாம். அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கும் அலபாமாவுக்கும் நடுவே சட்டஹூச்சி ஆறு ஓடுகிறது. கொலம்பஸ் நகரில் அதன் குறுக்கே நின்ற பழைய ஆலை அணைகளை 2012, 2013 ஆண்டுகளில் உடைத்தார்கள். மூழ்கிக் கிடந்த பாறைகள் வெளியே வந்தன, நுரை தள்ளும் ஓட்டமும் திரும்பியது. 2023-இல் ஃப்ரீஸ்டைல் படகு உலகச் சாம்பியன்ஷிப்பே அங்கு நடந்தது. அது சாகசப் போட்டி. வேகப் பந்தயத்துக்கும் தேவை அதே மாதிரி தண்ணீர்தான்.

ஆனால் போட்டிதான் ஆற்றுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். 1996 ஒலிம்பிக்கிற்காக அமெரிக்காவின் டென்னசியில் ஒகோயீ ஆற்றின் படுகையையே கற்களைப் போட்டுக் குறுக்கினார்கள். ஒலிம்பிக் என்றால் செய்வார்கள். பாடுபட்டு மீட்ட ஆற்றில் மறுபடி பொக்லைன் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்கு அவசியமும் இல்லை. ஸ்லாலம் என்ற வளைந்து நெளிந்து போகும் வேகப் பந்தயத்தில் கரைக்குக் கரை கம்பி கட்டி, அதிலிருந்து கோல்களைத் தொங்க விடுகிறார்கள். பச்சைக் கோடு போட்ட கோல்களுக்கு இடையே ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்பு என்றால் படகைத் திருப்பி ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு நுழைய வேண்டும். கோலில் பட்டால் 2 வினாடி, கோலைத் தவறவிட்டால் 50 வினாடி தண்டனை. 50 வாங்கியவர் அந்தச் சுற்றை மறந்துவிடலாம்! படுகையில் எதையும் நட வேண்டியதில்லை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் திரும்பும் இடம் பார்த்துச் சிவப்புக் கோலைத் தொங்கவிட்டால், பாதி வேலையை ஆறே செய்துவிடும்.

பெரிய சிக்கல் மரங்களால்தான் வரும். ஆற்றை மீட்பவர்கள் மீன்கள் ஒதுங்குவதற்காக, விழுந்த மரங்களை வேண்டுமென்றே தண்ணீரில் விட்டுவைப்பார்கள். படகுக்காரருக்கு அதைவிடப் பயங்கரமான பொருள் கிடையாது. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. பின்னாலிருந்து வரும் ஓட்டம் அவரை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நல்ல நீச்சல்காரராக இருந்தும், ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தும், அந்த இடத்தில் பெரிய பலன் இல்லை. அதற்காக மரத்தை அறுத்துவிடாதீர்கள். மரத்துக்கு முன்பே பந்தயம் முடிகிற மாதிரி தடத்தை ஆற்றின் மேல்பக்கமாகத் தள்ளுங்கள்; கவிழ்ந்தவர் கரையேற இடம் விடுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியும் மீட்புக் கயிற்றோடு ஆள் நிற்க வேண்டும்.

தண்ணீர் மேலே இருக்கும் அணையிலிருந்து வருவதாக இருந்தால், பந்தயம் முடிந்ததும் மதகைச் சட்டென்று மூடச் சொல்லாதீர்கள். ஓரத்தில் மேய வந்த குஞ்சு மீன்கள் குட்டைகளில் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். தேதியையும் அப்படியே முடிவு செய்யுங்கள். சரளைக்கல்லில் மீன் முட்டையிடும் பருவத்தில் போட்டியே வேண்டாம், விடுமுறைக் காலமாக இருந்தாலும் சரி.

அப்புறம் ஒன்று. வெளியூர்ப் படகுகள் வெளியூர்த் தண்ணீரையும் கொண்டுவரும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் 2004-இல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துளி ஈரம் போதும், அடுத்த ஆற்றுக்கும் அது தாவிவிடும். அதனால் அங்கே படகு, காலணி எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, காயவைத்த பிறகே வேறு ஆற்றில் இறக்க வேண்டும். எப்படியும் நனையப்போகிற படகை எதற்குக் காயவைப்பது என்று வீரர்கள் முணுமுணுப்பார்கள். காயாத படகுக்குப் போட்டி எண் கிடையாது என்று பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.