பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரில் கண்டென்சர் மாற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த, வால்வுகளால், அதாவது வெற்றிடக் குழாய்களால், இயங்கும் வானொலி டிரான்ஸ்மிட்டர் ஒன்று கைக்கு வந்தவுடன் அதை மின்சாரத்தில் செருகிப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலுக்கு இடங்கொடுத்தால், மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் வால்வோ மின்மாற்றியோ எரிந்துபோகலாம். பழுதடைந்த மின்தேக்கிகளே, பழகிய பெயரில் கண்டென்சர்களே, பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எதையும் தொடுமுன் உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டத்தை நீக்கிவிடவேண்டும். 2,000 வோல்ட்டில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 20 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். மின்னூட்டத்தை வடிப்பதற்கென்றே பொருத்திய மின்தடை அறுந்திருக்கலாம் என்பதால் அதை நம்பக் கூடாது. காப்பிட்ட கோலின் முனையில் ஒரு மின்தடையைக் கட்டி முதலில் அதன் வழியாக வடித்து, பின்பு நேரடியாகக் குறுக்கிணைத்து, அந்த இணைப்பை வேலை முடியும்வரை விட்டுவைக்கவேண்டும். ஏனெனில், வடித்துவிட்டதாக நாம் நினைத்த கண்டென்சரிலும் சற்று நேரத்தில் மின்னழுத்தம் தானாகவே மீண்டும் தலைகாட்டும்.

எலக்ட்ரோலிட்டிக் வகையில் அலுமினியத் தகட்டின் மீதுள்ள மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பு. நெடுங்காலம் மின்னழுத்தம் கிடைக்காதபோது அப்படலம் நலிகிறது. மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி அதை மீட்கலாம் என்பார்கள். படலம் மீளலாம், உலர்ந்துபோன மின்பகு திரவம் மீளாது. ஆகவே மாற்றிவிடுவதே என் வழக்கம்.

மெழுகுத்தாள் கண்டென்சர்கள் இன்னும் நயவஞ்சகமானவை. ஒரு வால்வின் பிளேட் என்னும் வெளியீட்டு முனையிலிருந்து அடுத்த வால்வின் கிரிட் என்னும் கட்டுப்பாட்டு முனைக்கு ஒலிச் சைகையைக் கடத்தும் கண்டென்சரில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும், 4,70,000 ஓம் கிரிட் மின்தடையின் குறுக்கே 2.35 வோல்ட் நேர்மின்னழுத்தம் தோன்றிவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். சில வோல்ட்டில் இயங்கும் மல்டிமீட்டர் இந்தக் கசிவைக் காட்டாது என்பதால், இவ்வகையை அளந்துகொண்டிராமல் மொத்தமாக மாற்றி, பிளாஸ்டிக் பிலிம் வகையைப் பொருத்துவது நல்லது.

மைக்கா கண்டென்சர்கள் வேறு. ரேடியோ அதிர்வெண் பகுதியில் அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது தெரிந்தாலொழிய தொடவேண்டாம். மாற்றாகக் கைக்குக் கிடைத்ததை அங்கே வைத்தால், ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தைத் தாங்காமல் அது உருகிவிடக்கூடும். எண்ணெய் நிரப்பிய பெரிய உலோகப் பெட்டிகளை ஒருபோதும் பிளக்கக் கூடாது; பலவற்றில் பிசிபி என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அமெரிக்காவில் அதன் உற்பத்திக்கு 1979இல் தடை வந்தது.

பழைய 8 மைக்ரோஃபாரடுக்குப் பதில் இன்று கிடைக்கும் 10 பொருந்தும். ஆனால் ரெக்டிஃபையரை அடுத்துள்ள முதல் கண்டென்சரை 47 ஆக்கி இரைச்சலைக் குறைத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு சுழற்சியிலும் பாயும் உச்ச மின்னோட்டத்தை அந்த வால்வு தாங்காது. உயர் மின்னழுத்தத்துக்கு 450 வோல்ட் கண்டென்சர்களைத் தொடராக இணைப்பவர்கள், ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமமான மின்தடை வைக்காவிட்டால், கசிவு குறைந்ததன்மீது மிகுதியான அழுத்தம் விழும்.

வேலை முடிந்தபின் முதன்முறை மின்சாரத்தை ஒரு மின்விளக்கைத் தொடராக இணைத்து, மெல்ல ஏற்றிக் கொடுக்கவேண்டும். அரை மணி நேரம் கழித்து நிறுத்தி, மின்னூட்டத்தை வடித்துவிட்டு, புதிய எலக்ட்ரோலிட்டிக்குகளைத் தொட்டுப் பாருங்கள். அருகில் சூடான வால்வோ மின்தடையோ இல்லாத ஒன்று கையைச் சுட்டால், அதன் நேர், எதிர் முனைகள் மாறியிருக்கின்றனவா என்பதை முதலில் சரிபாருங்கள்.