ஏமாற்றியவர் காசில் எழுந்த சிலைகள்

நேயர்களுக்கு வணக்கம். பண்டைய ஒலிம்பிக் என்றாலே வென்றவர்களைப் பற்றித்தான் பேசுவோம். மல்யுத்தத்தில் ஆறு முறை வாகை சூடிய மைலோவின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். இன்று நான் பேச வந்தது பிடிபட்டவர்களைப் பற்றி.

கிரேக்க நாட்டில் ஒலிம்பியாவுக்கு இப்போது போனாலும், ஓட்டக் களத்துக்குச் செல்லும் வழியில் இடது பக்கமாக வரிசையாகக் கற்பீடங்களைப் பார்க்கலாம். மொத்தம் பதினாறு. மேலே ஒன்றும் இருக்காது. ஒரு காலத்தில் ஒவ்வொரு பீடத்திலும் வெண்கலத்தில் ஜீயஸ் கடவுள் நின்றார். ஊர்க்காரர்கள் அவற்றை ஸானெஸ் என்று அழைத்தார்கள். ஜீயஸ் என்ற பெயரின் பன்மைதான் அது. போட்டியில் ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதப் பணத்தில் செய்த சிலைகள் அவை. களத்துக்குப் போகும் வீரர் எவரும் அவற்றைப் பார்க்காமல் உள்ளே நுழைய முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் விவரமான ஆள்!

கதை கி.மு. 388-இல் தொடங்குகிறது. தெசலியைச் சேர்ந்த யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரர் எதிராளிகள் மூவருக்குப் பணம் கொடுத்துத் தோற்கச் சொன்னார். அந்த மூவரில் ஒருவர் முந்தைய ஒலிம்பிக்கில் வென்றவர். கொடுத்தவர், வாங்கியவர் என்று நான்கு பேருக்கும் அபராதம். அந்தப் பணத்தில் ஆறு சிலைகள் எழுந்தன. ஒலிம்பிக் வெற்றி காசால் வருவதல்ல, கால் வேகத்தாலும் உடல் வலுவாலும் வருவது என்று முதல் சிலையில் பொறித்து வைத்தார்கள்.

ஓட்டத்தில் புறப்படச் சைகை காட்டும் முன்பே கிளம்பிவிட்டால் அபராதமெல்லாம் கிடையாது, பிரம்படிதான். சுதந்திரக் குடிமகனைப் பலர் முன்னால் அடிப்பது அந்தச் சமூகத்தில் சாதாரண விஷயமல்ல.

கி.மு. 332-இல் நடந்ததுதான் பெரிய கூத்து. ஏதென்ஸைச் சேர்ந்த கலிப்பஸ், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியில் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்துப் பிடிபட்டார். ஏதென்ஸ் நகரம் தலைகுனிந்ததா? இல்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, ஹைபரைடீஸ் என்ற பெரிய பேச்சாளரைத் தூது அனுப்பியது. போட்டியை நடத்திய எலிஸ் நகரத்தார் மசியவில்லை. ஏதென்ஸ் முறுக்கிக்கொண்டு ஒலிம்பிக்குக்கே வராமல் இருந்தது. கடைசியில் டெல்ஃபி கோயில், பணம் கட்டும் வரை உங்களுக்குக் குறி சொல்ல மாட்டோம் என்று கையை விரித்துவிட்டது. அப்புறம்தான் பணம் வந்தது. இன்னும் ஆறு சிலைகள்.

இத்தனைக்கும் போட்டிக்கு முன்னால் எல்லோரும் சத்தியம் செய்தவர்கள். இரண்டு கைகளிலும் இடியை ஏந்தி நிற்கும் ஜீயஸ் சிலை முன், காட்டுப்பன்றி இறைச்சித் துண்டுகளின் மீது ஆணையிட வேண்டும். வீரர் மட்டுமல்ல, அவருடைய தந்தையும் அண்ணன் தம்பிகளும் பயிற்சியாளரும்கூட. தந்தையை ஏன் சேர்த்தார்கள் என்பது பின்னால் புரிந்தது. கி.மு. 12-இல் சிறுவர் மல்யுத்தம். எலிஸைச் சேர்ந்த ஒரு தந்தை, தன் மகன் ஜெயிக்க வேண்டுமென்று எதிரே மோதும் பையனின் தந்தைக்குப் பணம் கொடுத்தார். அபராதம் இரண்டு தந்தைகளுக்கும்தான், பையன்களை விட்டுவிட்டார்கள். என் கணக்கில் அந்த நடுவர்கள் சொன்ன தீர்ப்புகளிலேயே நல்லது இதுதான்.

இவ்வளவையும் நமக்கு எழுதி வைத்தவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பௌசானியஸ். அவர் பட்டியலில் எனக்குப் பிடித்தவர் அலெக்சாண்டிரியாவின் சரபியோன். குத்தும் உதையும் பிடியும் கலந்த பங்க்ராட்டியன் என்ற முரட்டுச் சண்டைக்குப் பெயர் கொடுத்திருந்தார். எதிராளிகளைப் பார்த்ததும் என்ன ஆனதோ, போட்டிக்கு முந்தின நாளே ஓடிவிட்டார். பயந்ததற்காக அபராதம் கட்டியவர் அவர் ஒருவர்தானாம். பேசாமல் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கலாம். வணக்கம்.