கூட வேலை பார்த்தவங்களுக்கே சூப்பர்வைசர் ஆயிட்டா

அடுத்த கேள்வி. "நேத்து வரைக்கும் ஒண்ணா வேலை பார்த்தவங்களுக்கு இப்போ நான் சூப்பர்வைசர். சொல்ற வேலையை இழுத்தடிக்கிறாங்க. கடைசியில நானே முடிச்சுடறேன். என்ன செய்யலாம்?"னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த "நானே முடிச்சுடறேன்"ங்கிறதை நிறுத்துங்க. இழுத்தா நீங்களே செஞ்சிடுவீங்கன்னு தெரிஞ்சா யார் செய்வாங்க?

"இதைக் கொஞ்சம் பாத்துக்கங்கப்பா"ன்னு பொதுவா சொல்லியிருப்பீங்க. அதுல ஆளும் இல்ல, நேரமும் இல்ல. ஒருத்தர் பேரைச் சொல்லிக் கொடுங்க. எந்த அளவுக்கு முடியணும், எத்தனை மணிக்குள்ள, எங்க சிக்கினா உங்ககிட்ட வரணும், இதெல்லாம் சொல்லிட்டு, அவர் வாயாலயே ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. காலையில கொடுத்த வேலை 4 மணிக்கு முடியணும்னா, மூணே முக்காலுக்குப் போய் நின்னு பிரயோஜனம் இல்ல. மத்தியானமே எட்டிப் பாருங்க. அப்போதான் இன்னொரு ஆளைப் போடவோ சாமான் வரவழைக்கவோ நேரம் இருக்கும். கை தேர்ந்தவங்களை இப்படித் துருவாதீங்க, எரிச்சல்தான் வரும்.

அப்படியும் தாமதம் ஆனா காரணத்தைப் பிரிச்சுப் பாருங்க. வேலை தெரியலைன்னா கத்துக்கொடுக்கணும், சாமான் இல்லைன்னா அது உங்க வேலை. தெரிஞ்சும் செய்யலைன்னா அன்னிக்கே, தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க. "உங்களுக்குப் பொறுப்பே இல்ல"ன்னா சண்டைதான் வரும். "ரிப்போர்ட் 4 மணிக்கு வரணும், 6 மணிக்கு வந்துச்சு, அடுத்த ஷிஃப்ட் காத்துக்கிட்டிருந்தாங்க"ன்னு நடந்ததை மட்டும் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி உங்க மேனேஜர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கணும்: லீவு, ஓவர்டைம், ஷிஃப்ட் மாத்தறது, இதுல எதை நீங்களே முடிவு பண்ணலாம்? மெயில்ல வாங்கி வச்சுக்கங்க. நீங்க மறுத்த லீவை அவர் கொடுத்துட்டா, அப்புறம் எல்லாரும் உங்களைத் தாண்டி அவர்கிட்டயே போவாங்க.

இந்தப் பதவியை எதிர்பார்த்த சீனியர் யாராவது டீம்ல இருந்தா, முதல் வாரத்துலயே அவர்கிட்ட தனியாப் பேசிடுங்க. மன்னிப்புக் கேக்க வேண்டாம், அடுத்தது உங்களுக்குத்தான்னு வாக்கும் கொடுக்க வேண்டாம், அது உங்க கையில இல்ல. அவருக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஒண்ணை, அதுல முடிவெடுக்கிற உரிமையோட முழுசா ஒப்படைங்க. அதைச் சும்மா பேருக்குக் கொடுத்துட்டு நடுவுல புகுந்தீங்கன்னா, கொடுக்காம இருந்ததை விட மோசமாயிடும்.