துண்டை எடுங்க, விரலைப் பார்ப்போம்

நடுவர் ஐயா அவர்களே, எந்த நிமிடமும் வெளிநடப்புச் செய்யத் தயாராக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவிநாசி ஊர்ப் பெரியவங்களே, அம்மணிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தங்கள் கையில் இருக்கும் அவை விதிகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கணக்குக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? இதுதான் தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, "எண்ணிக்கை ஆளுங்கட்சிக்கு, சபாநாயகர் ஆளுங்கட்சிக்கு, மைக் சுவிட்சும் அவங்க கையில. தோற்கப்போறவன்கிட்ட எதுக்குங்க கணக்கு?" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். நல்லாப் பேசினால் தட்ட வேண்டியதுதானே.

ஆனால் ஐயா, 2021 தேர்தலில் பக்கத்துக் கோவை மாவட்டத்தில் என்ன நடந்தது? பத்துத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு. ஆட்சிக்கு வந்தது திமுக. ஆக, அந்த மாவட்டத்து ஜனங்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்த வாய் அத்தனையும் எதிர்க்கட்சி வாய். அவங்களைக் கணக்குக் கேட்கக் கூடாது என்றால், கோவைக்காரங்க வேறு யாரைத்தான் கேட்பாங்க?

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பர் 10-ல் மின் கட்டணம் ஏறியது. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் ஒரு பட்டறைக்காரர் அதுவரை கிலோவாட்டுக்கு 35 ரூபாய் வீதம் மாசம் 3,920 ரூபாய் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். அது நாலு மடங்குக்கு மேல் போனது. மிஷின் ஓடினாலும் கட்ட வேண்டும், ஆர்டர் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும் கட்ட வேண்டும். அதுக்கு மேல், காலையும் மாலையும் உச்ச நேரக் கட்டணம் தனி. சிறுதொழில் அமைப்புகள் '430 சதவீத உயர்வு' என்று போர்டு பிடித்தார்கள், 2023 செப்டம்பரில் ஒரு நாள் கதவடைத்தார்கள். சரி, தெருவில் ஜனங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். சபைக்குள்ளே போனவர் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாமுங்க. கேள்வி நேரத்தில் கேட்கலாம், அமைச்சர் மழுப்பினால் துணைக் கேள்வி போடலாம். அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் கவன ஈர்ப்பு கொண்டுவரலாம். துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். இந்த வெட்டுத் தீர்மானம் ரொம்ப அழகான ஏற்பாடு. நாடாளுமன்ற விதிப்படி, கொள்கையே தப்பு என்றால் அந்தத் துறைக்குக் கேட்கும் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட குறை மட்டும் என்றால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். நூறு ரூபாயால் எந்த மின்வாரியமும் கவிழ்ந்துவிடாது. ஆனால் 'நிலைக்கட்டண உயர்வைக் குறைக்காததற்காக' என்று அந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கும் பாருங்க, அதுக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது. அமைச்சர் 'பரிசீலிக்கிறோம்' என்று வாய்விட்டால், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதற்கு உறுதிமொழிக் குழு என்று ஒன்றே இருக்கிறது.

இதெல்லாம் முடிந்து ஓட்டெடுப்பு வரும். 'ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க.' குரல் வாக்கெடுப்பு. அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவங்களுக்கு இது புரியும். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருத்தனுக்கும் தெரியாது. குரல் வாக்கெடுப்பும் அப்படித்தான். சத்தம் கேட்கும், யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்தத் துண்டை இழுக்கிற உரிமைக்குப் பேர்தான் டிவிஷன். 'எண்ணிப் பாருங்க' என்று எழுந்து கேட்டால் தலை எண்ண வேண்டும். தோற்கப்போகிறவன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அது. தோல்வி தோல்விதான், ஆனால் நம்ம ஊர் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுத்தில் ஏறிவிடும்.

2017 பிப்ரவரி 18 ஞாபகம் இருக்கும். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் அன்றைக்கு நம்ம அவிநாசித் தொகுதி உறுப்பினராக இருந்த தனபால் அவர்கள். எடப்பாடியாரின் நம்பிக்கைத் தீர்மானம். உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி நிறுத்தி எண்ணினார்கள், 122-க்கு 11. அன்றைக்கு எதிர்க்கட்சியான திமுக கேட்டது என்ன? ரகசிய வாக்கெடுப்பு. கூவத்தூர் விடுதியில் தங்க வைக்கப்பட்டிருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பயமில்லாமல் ஓட்டுப் போடட்டும் என்று அவங்க காரணம் சொன்னாங்க, அது புரியுது. ஆனால் திறந்து கிடந்த விரல் மேலே துண்டைப் போடச் சொன்னது எதிர்க்கட்சி! எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிய வேண்டியது வாக்காளருக்கா இல்லையா? திமுக உறுப்பினர்களைக் காவலர்களைக் கொண்டு வெளியேற்றியதற்கு ஆளுங்கட்சியைக் கேளுங்க. ரகசியம் கேட்டதற்கு எதிர்க்கட்சியைக் கேளுங்க. ரெண்டும் தனித்தனிக் கணக்கு.

"தோற்கிற தீர்மானத்தால் என்ன லாபம்?" என்றார் ஐயா. 1963 ஆகஸ்டில் எதிர்வரிசையில் இருந்த கிருபளானி நேருவின் மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 62-க்கு 347. தோற்பது அவருக்கும் தெரியும், நேருவுக்கும் தெரியும். இருந்தும் சீனப் போருக்குப் பிறகு நாடே கேட்க நினைத்த கேள்விகளுக்கு நாலு நாள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் மாநிலங்களவையில் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைக்கச் சொல்லித் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. அண்ணா ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. நாலு வருஷம் கழித்து, 1967 ஜூலை 18-ல் சென்னையில் தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் வெளிநடப்பு. அதுவும் ஒரு கருவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம்தான் கட்டுகிறோம்.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. 2020 செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, கிடைக்கவில்லை, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். பெரிய அமளி. மறுநாள் எட்டுப் பேர் இடைநீக்கம். அதுவரைக்கும் நான் எதிர்க்கட்சியின் பக்கம்தான். அடுத்து அவங்க அவையைப் புறக்கணித்துவிட்டாங்க. 23-ம் தேதி என்ன வந்தது தெரியுமா? மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்று இருந்ததை, முந்நூறு பேராக ஏற்றிய சட்டம் அதில் ஒன்று. எதிர்வரிசை காலி. ஒரு திருத்தத்தை வலியுறுத்த ஆள் இல்லை, 'எண்ணுங்க' என்று கேட்கவும் ஆள் இல்லை. உள்ளே இருந்திருந்தால் ஜெயித்திருப்பாங்களா? மாட்டாங்க என்றே வைத்துக்கொள்வோம். முந்நூறு எதற்கு என்று ஒரு அமைச்சரையாவது திணற வைத்திருக்கலாம் இல்லையா?

2023 டிசம்பரில் 146 எம்.பி.க்களை இடைநீக்கம் செய்துபோட்டு மூன்று குற்றவியல் சட்டங்களை நிறைவேற்றினாங்களே என்று எதிரணி அம்மணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. கதவைச் சாத்தினவனைத்தான் அதுக்குக் கேட்க வேண்டும், வெளியே நின்றவரை அல்ல. நான் கேட்பது கதவு திறந்திருந்த நாட்களுக்கான கணக்கை மட்டும்.

திறந்திருந்த நாளில் நடந்ததும் உண்டுங்க. 2009 நவம்பர் 30 அன்று மக்களவையில் கேள்வி கொடுத்தவங்களே பலர் வராமல், கேள்வி நேரம் பாதியில் படுத்துவிட்டது. அதில் ரெண்டு பக்கத்து ஆட்களும் உண்டு. 2005-ல் கேள்வி கேட்கக் காசு வாங்கியதாக 11 எம்.பி.க்களின் பதவியே போனது. கருவியைக் கையில் கொடுத்தால் போதும், தானாக நல்லது நடக்கும் என்று நம்புகிற எதிரணி நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கணக்குக் கேள் என்றால் சபாநாயகர் தண்டிக்கட்டும் என்று அர்த்தமில்லை, நடுவர் ஐயா. அதை ஆளுங்கட்சி கையில் கொடுத்தால் எதிர்க்கட்சியே மிஞ்சாது. கேட்க வேண்டியது வாக்காளர். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, கல்யாணத்துக்கு வந்தாரா, எழவுக்கு வந்தாரா என்று பார்க்கிறோம். எந்த மானியக் கோரிக்கையில் என்ன வெட்டுத் தீர்மானம் கொடுத்தார், எத்தனை தடவை டிவிஷன் கேட்டார், ஓட்டெடுப்பு நேரத்தில் இருக்கையில் இருந்தாரா என்று ஒருத்தராவது கேட்டிருக்கோமா? அவைக் குறிப்பு அச்சில் ஏறுகிறது, படித்துப் பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்துப் பேச வரும் எதிரணி வழக்கறிஞர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். 23-ம் தேதி அந்தக் காலி இருக்கைகளால் திருப்பூர்த் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும்.